மூன்று நகரங்களில் ஒரே கையெழுத்து

1

என் அண்ணனின் கையெழுத்தை அலுவலகத் திரையில் நான் பார்த்து இந்த வாரத்தோடு ஒரு வருடம் ஆகிறது. மாத்தளையில் இருக்கும் உங்களில் பலருக்கு இந்தக் கதையில் ஒரு துண்டு தெரிந்திருக்கும். அண்ணன் கடைக்குப் பூட்டு விழுந்தது தெரியும். ஏன் விழுந்தது, யார் விழவைத்தது என்பதைப் பற்றி ஊரில் நாலு விதமாகப் பேசுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நான் கனடாவில் ஒரு பெரிய நகரத்தின் சுகாதாரத் திணைக்களத்தில் எழுதுவினைஞராக இருக்கிறேன். டொக்டர் இல்லை, நர்ஸ் இல்லை. கூட்டங்களுக்கு நேரம் குறிப்பதும், கூட்டத்தில் பேசுவதை எழுதி வைப்பதும் என் வேலை. நகரத்தின் பெயரை எழுத எனக்கு அனுமதி இல்லை.

கொரோனா காலத்தில் இங்குள்ள ஒவ்வொரு பெருநகரமும் தனித்தனியாகத் தடுமாறியது. பக்கத்து நகரத்தில் என்ன நடக்கிறது என்பதைச் சுகாதாரத் தலைவர்களே தொலைக்காட்சியில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள். அந்த வெட்கத்தில் பிறந்ததுதான் எங்கள் வியாழக்கிழமைக் கூட்டம். கனடாவில் இரண்டு, அமெரிக்காவில் இரண்டு, இங்கிலாந்தில் ஒன்று என்று ஐந்து நகரங்களின் சுகாதாரத் தலைவர்கள் வாரம் ஒருமுறை காலையில் திரையில் கூடுவார்கள். அமைச்சர் கிடையாது, பத்திரிகை கிடையாது. எலித் தொல்லை, வெயிலில் விழுந்த முதியவர்கள், பழைய தண்ணீர்க் குழாய் என்று தங்கள் நகரத்தின் தலைவலிகளை ஒளிக்காமல் பேசுவார்கள். எங்கள் தலைவர் டொக்டர் ஹெலன். அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நான் குறிப்பெடுப்பேன். உண்மையைச் சொன்னால், பாதி நேரம் இரவுச் சமையலைப் பற்றி யோசித்துக்கொண்டுதான் எடுப்பேன்.

அன்றைக்கு அமெரிக்க நகரம் ஒன்றின் தலைவர் டொக்டர் ஒஸ்மான் பேசினார். அவருடைய நகரத்தில் ஒரே குடியிருப்பில் மூன்று சின்னப் பிள்ளைகளின் இரத்தத்தில் ஈயம் கூடியிருந்தது. ஈயம் பிள்ளைகளின் மூளையைக் கெடுக்கும் நஞ்சு. பழைய வீடுகளின் ஜன்னல் பெயின்ட்டில் அது இருக்கும் என்பதால் முதலில் ஜன்னலைத்தான் சந்தேகித்தார்கள். வீட்டுக்காரரைப் பிடித்து எல்லா ஜன்னல்களையும் சுரண்டிப் புதுப் பெயின்ட் அடிக்க வைத்தார்கள். மறுபடியும் சோதித்தபோது இரத்தத்தில் ஈயம் குறையவில்லை. பிறகு அவருடைய பரிசோதகர் ஒருவர் சமையலறைக்குள் போய் ஒவ்வொரு டப்பாவையும் எடுத்துச் சோதித்திருக்கிறார்.

"ஒரு மஞ்சள் தூள் பொட்டலம். எந்த நாட்டுச் சாமான் என்று தெரியவில்லை. உங்களில் யாராவது இதைப் பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டுப் படத்தைப் போட்டார்.

இங்கிலாந்து நகரத்தின் தலைவர், "பொறுங்கள், எங்களிடமும் ஒன்று இருக்கிறது" என்று தன் கோப்பைத் தேடினார். எங்கள் டொக்டர் ஹெலனும் தேடினார். கொஞ்ச நேரத்தில் மூன்று நகரங்களின் மூன்று படங்கள் பக்கத்தில் பக்கத்தில் திரையில் நின்றன.

பொட்டலத்தின்மேல் நாட்காட்டித் தாளைக் கிழித்து ஒட்டி, அதன் வெறும்பக்கத்தில் எழுதியிருந்தது. அந்த எழுத்தை ஒரு நகரத்தின் அறிக்கை இந்தி என்றது. இன்னொன்று தாய்லாந்து மொழி என்றது. எங்கள் அறிக்கை "அறியாத எழுத்து" என்றது. தாளுக்குப் பின்னால் மங்கலாகத் தெரிந்த 14, 27 என்ற எண்களைத் தயாரிப்பு எண் என்று குறித்திருந்தார்கள். அவை நாட்காட்டித் தேதிகள்.

மேலே தமிழில் மஞ்சள் என்று எழுதி, கீழே சிங்களத்தில் கஹ என்று எழுதியிருந்தது. 'ள்' எழுத்துக்கு மேலே புள்ளி வைக்காமல் சின்ன வட்டமாகச் சுழித்திருந்தது. மெய்யெழுத்துக்கு அப்படிச் சுழி போடுகிற ஒரே ஆளை எனக்குத் தெரியும். சின்ன வயதில் எனக்கு எழுத்துச் சொல்லித் தந்தவர் அவர். நானும் அப்படித்தான் எழுதிப் பள்ளிக்கூடத்தில் அடி வாங்கினேன்.

என் விரல்கள் தட்டச்சுப் பலகையில் நின்றுவிட்டன. ஐந்து நகரங்களின் தலைவர்கள் என் அண்ணனின் எழுத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கும் அதைப் படிக்கத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்திருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

2

கூட்டம் முடிந்தது. அன்றைய குறிப்பில் "மூன்று பொட்டலங்களும் ஒரே இடத்திலிருந்து வந்திருக்கலாம் எனத் தலைவர்கள் கருதினர்" என்று நான் எழுதியிருக்கிறேன். இப்போது அதைப் படித்தாலும் மனம் கூசுகிறது.

கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். அண்ணனின் மசாலாச் சரக்குக் கடை இலங்கையில், மாத்தளையில் இருக்கிறது. அந்தப் பொட்டலம் எப்படி மூன்று பெருநகரங்களுக்கு வந்தது என்று நான் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. கோயில் தேருக்கு ஊருக்குப் போய் வருகிற ஒவ்வொருவரிடமும் நான்தான் எடுத்துவரச் சொல்லுவேன். "இங்க கடையில விக்கிறதெல்லாம் மஞ்சளா? எங்க அண்ணன் கடை மஞ்சளப் போட்டுப் பாருங்க" என்று பெருமையடித்து ஊரெல்லாம் பங்கு வைத்ததும் நான்தான். ஒஸ்மானின் நகரத்தில் என் பள்ளித் தோழி சாந்தி இருக்கிறாள். இங்கிலாந்தில் என் கணவர் குமாரின் சித்தி மகன் குடும்பம் இருக்கிறது. எங்கள் நகரத்தில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு வரும் தாய்மார்கள் இருக்கிறார்கள்.

நேரே டொக்டர் ஹெலனின் அறைக்குப் போனேன். "அந்தப் பொட்டலத்தை எழுதியவர் என் அண்ணன். அதைப் பங்கு வைத்தவள் நான்" என்றேன். ஆங்கிலத்தில் எப்படிச் சொன்னேன் என்று ஞாபகமில்லை. அழுதேனா என்பதும் ஞாபகமில்லை.

அவர் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"உங்கள் வீட்டில் அந்த மஞ்சள் இருக்கிறதா?"

"இருக்கிறது."

"உங்கள் மகனுக்கு எத்தனை வயது?"

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிடம் வரைக்கும் எனக்கு அது தோன்றவில்லை. அண்ணனை யோசித்தேன், சாந்தியை யோசித்தேன், வேலை போய்விடுமோ என்றுகூட யோசித்தேன். ஆதிக்கு நாலு வயது. குளிர்காலம் தொடங்கினால் அவனுக்கு இருமல் வரும். அதனால் தினமும் பின்னேரம் பாலில் மஞ்சள் போட்டுக் காய்ச்சி, ஊதி ஊதி, என் கையாலேயே குடிக்க வைத்துக்கொண்டிருந்தேன்.

3

பிள்ளைகளின் இரத்தச் சோதனை முடிவு சில நாட்களில் வந்தது. ஆதியின் இரத்தத்தில் ஈயம் இருந்தது. பொறுக்கக்கூடிய அளவைவிட நல்லாவே கூட. மூத்தவள் நிலானிக்கு ஒன்றும் இல்லை.

நிலானிக்குப் பன்னிரண்டு வயது. இரண்டு வருடமாக அவள் எங்கள் வீட்டுச் சாப்பாட்டைத் தொடுவதில்லை. பள்ளிக்கூடத்தில் யாரோ அவளுடைய சாப்பாட்டுப் பெட்டி மணக்கிறது என்று மூக்கைப் பிடித்தார்களாம். அன்றோடு சோறு கறியை விட்டுவிட்டாள். பாண் ரொட்டியும் சீஸும்தான். நான் எவ்வளவு திட்டியிருப்பேன்! "நம்ம சாப்பாடு உனக்கு நாறுதா? நாளைக்கு நாங்களும் நாறுவோம்" என்றுகூட ஒருநாள் சொன்னேன். அவள் ஆங்கிலத்தில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு அறைக்குள் போனாள்.

என் பேச்சைக் கேட்காமல் விலகிப் போன பிள்ளை சுத்தமாக இருக்கிறாள். மடியில் வைத்து ஊட்டி வளர்த்த பிள்ளையின் இரத்தத்தில் நஞ்சு இருக்கிறது. பிள்ளைகளின் டொக்டர் முடிவுத் தாளை நீட்டியபோது என் மனதில் இதுதான் ஓடியது.

ஆதி பேசுவதற்குத் தாமதித்தவன். நாலு வயதில் இரண்டு சொல் மூன்று சொல்தான் சேர்த்துப் பேசுவான். "வீட்டில் இரண்டு மொழி இருந்தால் பிள்ளை குழம்பும்" என்று எல்லோரும் சொன்னார்கள். குமார்கூட, "கொஞ்ச நாளைக்குத் தமிழ நிப்பாட்டிட்டு இங்கிலீஷ் மட்டும் பேசுவோமே" என்றார். நானும் தமிழைக் குறைத்துக்கொண்டேன். தாலாட்டுக்கூட ஆங்கிலப் பாட்டு. டொக்டரிடம் கேட்டேன், "அவன் பேசத் தாமதித்தது இதனாலா?"

"சொல்ல முடியாது. இதனாலும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இனி உடம்புக்குள் போகாமல் நிறுத்துவதுதான் முதல் மருந்து" என்றார்.

வீட்டுக்கு வந்து சமையலறை அலமாரியைக் காலி செய்தோம். குமார் பஸ் சாரதி, அதிகம் பேசாத மனுஷன். தட்டுகளையும் டப்பாக்களையும் இறக்கி வைத்துக் கழுவிக்கொண்டே இருந்தார். நிலானி வாசலில் நின்று பார்த்தாள்.

"அம்மா, தம்பி சாகமாட்டான்தானே?"

அவள் தமிழில்தான் கேட்டாள். மாட்டான் என்று தலையை ஆட்டினேன். அவள் கையுறையைப் போட்டுக்கொண்டு அப்பாவுக்குப் பக்கத்தில் போய் நின்று தட்டுகளைத் துடைத்தாள். "நான் அப்பவே சாப்பிடலயே" என்று அவள் சொல்லியிருக்கலாம். அன்றும் சொல்லவில்லை, இன்றுவரையும் சொல்லவில்லை.

4

அலுவலகத்தில் எனக்கு ஒரு படிவம் வந்தது. நஞ்சின் மூலத்தோடு எனக்கு என்ன உறவு என்று நான் வெளிப்படுத்த வேண்டுமாம். உரிமையாளர், ஊழியர், பங்குதாரர், மற்றவை என்று நாலு கட்டங்கள். மற்றவை என்பதைத் தட்டி "தங்கை" என்று எழுதினேன். விளக்கம் போதாது, இன்னும் எழுதவும் என்று கணினி திருப்பி அனுப்பியது. "அவர் என் சொந்த அண்ணன், எனக்கு எழுதப் படிக்கச் சொல்லித் தந்தவர்" என்று எழுதினேன். ஏற்றுக்கொண்டது.

படிவத்தைக் கொடுத்ததும் என்னைக் கூட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். அடுத்த வாரமே திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். தமிழும் சிங்களமும் மாத்தளையும் தெரிந்த ஆள் ஐந்து நகரங்களிலும் வேறு கிடைக்கவில்லை.

நான் மஞ்சள் கொடுத்த எல்லோருடைய பெயரையும் எழுதிக் கொடுத்தேன். அவரவர் நகரத்தின் பரிசோதகர்கள் அவரவர் வீட்டுக்குப் போனார்கள். அதற்கு முன்னால் நானே ஒவ்வொருவரையும் அழைத்துச் சொன்னேன். சிலர் அழுதார்கள். சிலர் என்னைத் தேற்றினார்கள், அது இன்னும் கஷ்டமாக இருந்தது. சாந்தியின் மகளும் ஒஸ்மான் சொன்ன அந்த மூன்று பிள்ளைகளில் ஒருத்தி. ஜன்னல் பெயின்ட் என்று நம்பி, குளிரில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு நாட்கணக்கில் இருந்திருக்கிறார்கள்.

"நீ தந்ததுதானே கலா?" என்று மட்டும் கேட்டாள்.

"ஆமா."

"நான் உன்கிட்ட இன்னொரு பொட்டலம் கேட்டு வாங்கினேன்" என்றாள். தொலைபேசியை வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் என்னை அழைக்கவில்லை.

5

அண்ணனுக்குச் சொல்ல வேண்டும். அரசாங்கக் கடிதம் தனியாகப் போகும் என்றார்கள். இங்கிருந்து தலைநகரம், அங்கிருந்து தூதரகம், பிறகு கொழும்பு, பிறகு கண்டி, பிறகு மாத்தளை. டொக்டர் ஹெலன், "கடிதம் அதன் வழியில் போகட்டும். உங்கள் அண்ணனுக்கு நீங்கள் போன் பேசுவதை நான் எப்படித் தடுப்பது?" என்றார்.

எனக்குக் காலை, அங்கே மாலை. கடையில் வானொலிச் சத்தம் கேட்டது.

"என்னம்மா, வேலைக்குப் போகலயா?"

"அண்ணே, மஞ்சள் விக்கிறத இப்பவே நிப்பாட்டுங்க."

"ஏம்மா?"

"அதுல ஈயம் இருக்கு."

அண்ணன் சிரித்தார். "ஈயமா? பித்தளச் சட்டிக்குப் பூசுறாங்களே, அதா? அத நம்ம பொறந்ததுல இருந்து சாப்பிடுறோமே."

பாத்திரத்துக்குப் பூசுவது வெள்ளீயம். இது காரீயம். நாம் இரண்டையும் ஈயம் என்றுதான் சொல்கிறோம். அலுவலகத்தில் எல்லோரையும் திகிலடிக்க வைத்த சொல், எங்கள் வீட்டில் பாத்திரம் பளபளப்பதற்கான சொல்லாக இருந்தது. நான் விளக்கினேன். பிள்ளைகளின் மூளை என்றேன். நஞ்சு என்றேன்.

அவர் குரல் மாறியது. "வெள்ளக்காரன் சொல்லிட்டான், நீ நம்பிட்ட. ஊர்ச் சனம் வரிசையில நின்னு வாங்குது. ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல. நம்ம கட மேல நீயே கல்லத் தூக்கிப் போடுறியா?"

"ஆதிக்கு வந்திருக்குண்ணே."

வானொலி மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. அவர் போனை வைத்துவிட்டார். நான் மறுபடியும் அழைத்தபோது அண்ணிதான் பேசினார். "அவரு கடையச் சாத்திட்டு எங்கயோ போயிட்டாரும்மா. என்னா சொன்னீங்க அவர்கிட்ட?"

6

அடுத்த வியாழக்கிழமை டொக்டர் ஒஸ்மான் கேட்டார், "அந்த ஊரில் எங்கள் பரிசோதகர்களைப் போல யாராவது இருக்கிறார்களா?"

இருக்கிறார் என்றேன். நம் ஊரில் பீ.எச்.ஐ., அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர், என்றால் டெங்கு நுளம்புக்காகச் சிரட்டையையும் டயரையும் கவிழ்த்துப் பார்க்கிற மனிதர், சாப்பாட்டுக் கடைக்காரர்கள் கண்டால் ஓடுகிற மனிதர். இந்தப் பெரிய தலைவர்களுக்கு முன்னால் அவரைச் சொல்வதற்கு எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. அதையும் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

அவர் பெயர் பண்டார. சிங்களவர், தமிழர்கள் வேலை செய்யும் தேயிலைத் தோட்டத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவர், தமிழ் விளங்கும். நான் அழைத்துச் சொன்னதும், "மிஸ், ரவி முதலாளிட தங்கச்சியா நீங்க?" என்று கேட்டார். "ஆமாம்" என்றேன். "உங்களுக்குக் கஷ்டம்தானே" என்றார். அவ்வளவுதான். மறுநாள் காலை கடைக்குப் போய்விட்டார்.

இரண்டு வாரம் கழித்து அவரே கூட்டத்துக்கு வந்தார். வீட்டு முன்னறையில் சீருடையோடு உட்கார்ந்திருந்தார். பின்னால் பிள்ளை ஒன்று அழுதது. அவர் சிங்களத்தில் பேசினார், நான் ஆங்கிலத்தில் சொன்னேன். சோதித்துப் பார்த்ததில், மாத்தளைக்கு அருகே யட்டவத்தப் பக்கத்துத் தோட்டங்களில் விளைந்து, அண்ணன் வழக்கமாக வாங்குகிற மஞ்சளில் ஒன்றும் இல்லை. அது போதாமல் போனபோது, தம்புள்ளைப் பக்கமிருந்து லொறியில் கொண்டுவந்து விற்ற ஒருவரிடம் கிழங்கு மஞ்சள் வாங்கியிருக்கிறார். பழைய, வண்டு அரித்த கிழங்கு. அதன்மேல் மஞ்சள் நிறப் பெயின்ட் தூளைப் போட்டு உருட்டிப் பளபளக்க வைத்திருந்தார்கள். ஈயம் அந்தத் தூளில் இருந்தது. லொறிக்காரரின் களஞ்சியத்துக்குச் சீல் வைத்தாயிற்று, அண்ணன் கடைக்கும் பூட்டு என்றார்.

தலைவர்கள் அவருக்கு நன்றி சொன்னார்கள். "மிகச் சிறந்த வேலை" என்றார் இங்கிலாந்துக்காரர். கூட்டம் அடுத்த விஷயத்துக்குப் போகப் பார்த்தது. பண்டார கையை உயர்த்தினார்.

"மிஸ், இத அப்பிடியே சொல்லுங்க" என்று தமிழில் என்னிடம் சொல்லிவிட்டுச் சிங்களத்தில் தொடர்ந்தார். "உங்கள் நகரங்களில் ஒன்பது பிள்ளைகள் என்று கணக்குச் சொன்னீர்கள். அவர்கள் வீட்டில் வருஷத்துக்கு ஒரு பொட்டலமோ இரண்டு பொட்டலமோ வந்திருக்கும். எங்கள் ஊரில் தினமும் மூன்று வேளை இதைத்தான் சமைத்தார்கள். எங்கள் பிள்ளைகளின் இரத்தத்தை யார் பார்ப்பது?"

நான் ஆங்கிலத்தில் சொல்லி முடித்தேன். டொக்டர் ஹெலன் கண்ணாடியைக் கழற்றினார். இத்தனை வாரமாக நான் ஆதியை நினைத்தேன், சாந்தியின் மகளை நினைத்தேன். மாத்தளையில் பிறந்து வளர்ந்த நான் மாத்தளைப் பிள்ளைகளை ஒருமுறைகூட நினைக்கவில்லை.

ஒஸ்மான்தான் முதலில் பேசினார். விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்து அங்கேயே பார்க்கிற சின்னக் கருவி ஒன்று தன் நகரத்தில் மேலதிகமாக இருப்பதாகவும் அதை அனுப்புவதாகவும் சொன்னார். டொக்டர் ஹெலன், ஊரின் மற்ற மஞ்சள் மாதிரிகளை எங்கள் ஆய்வுகூடத்தில் சோதிக்கலாம் என்றார். இங்கிலாந்துக்காரர் அந்தக் கருவிக்கு வேண்டிய பரிசோதனை அட்டைகளின் செலவை ஏற்றுக்கொண்டார். பெரிய நகரங்கள் ஒன்றுக்கொன்று உதவுவதை இரண்டு வருடமாக எழுதிவந்தேன். அவை ஒன்றுகூடி என் சின்ன ஊருக்கு உதவியதை அன்றைக்குத்தான் எழுதினேன். கருவி கொழும்புச் சுங்கத்தில் வாரக்கணக்கில் கிடந்தது. அது விளையாட்டுச் சாமானா வைத்தியச் சாமானா என்று தீர்மானிக்க முடியாமல் மூன்று பேரின் கையெழுத்துக்குக் காத்திருந்தார்கள். கடைசியில் பண்டார ஒருநாள் லீவு போட்டுக் கொழும்புக்குப் போய்த் தானே தூக்கிக்கொண்டு வந்தார்.

முதலில் கடையைச் சுற்றியிருந்த பிள்ளைகளைப் பார்த்தார்கள். எல்லோரையும்விட அதிகமாக இருந்தது செல்லையாவின் இரண்டு பிள்ளைகளுக்கு. செல்லையா அண்ணனுடைய மில்லில் மஞ்சள் அரைக்கிறவர். தூள் படிந்த சட்டையோடு வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளைத் தூக்கியிருக்கிறார்.

அதைக் கேட்ட அன்று அண்ணன் என்னை அழைத்தார். சண்டை போட்ட பிறகு அதுதான் முதல் தடவை.

"கை கழுவினாலும் போகலம்மா" என்றார்.

"என்னண்ணே?"

"அந்த மஞ்சள். நம்ம மஞ்சள் ரெண்டு தரம் சோப்புப் போட்டா போயிரும். இது ரெண்டு நாள் நின்னுச்சு. சனம் நல்ல நிறமா இருக்குனு கேட்டுக் கேட்டு வாங்குச்சு. எனக்கு அப்பவே மனசுல பட்டுச்சு. நான் கேக்கல. கேட்டா என்னா சொல்லிருவானோன்னு கேக்கல."



7

இப்போது ஆதியின் அளவு குறைந்து வருகிறது. முற்றாகப் போகவில்லை. அவனோடு நான் மறுபடியும் தமிழ் பேசுகிறேன். கொஞ்சம் கொஞ்சமாகப் பேசுகிறான். செல்லையாவின் பிள்ளைகளைக் கண்டி ஆஸ்பத்திரியில் பார்க்கிறார்கள். லொறிக்காரரின் வழக்கு நடக்கிறது. அண்ணன் தன் மேல் போட்ட வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். இப்போது கடையில் மிளகும் ஏலமும் மட்டும் விற்கிறார். வியாழக்கிழமைக் கூட்டத்தின் திரையில் ஐந்து பெருநகரங்களின் பெயருக்குப் பக்கத்தில் ஆறாவதாக மாத்தளை என்று வருகிறது. பண்டார இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வருகிறார். அமெரிக்காவின் இன்னொரு நகரத்தில் வேறொரு மசாலாவில் இதேபோல வந்தபோது, எங்கே தேடவேண்டும் என்று அவர்தான் சொன்னார். "மில்லில வேலை செய்றவங்கட பிள்ளைகளை முதல்ல பாருங்க" என்றார்.

ஆறு ஊர்களும் சேர்ந்து, வெளிநாட்டில் வாழும் குடும்பங்களுக்கும் ஊர்க் கடைக்காரர்களுக்கும் ஒரு எச்சரிக்கை தயாரிக்கிறார்கள். அதற்கு ஒரு கடைக்காரர் தன் வாயால் சொல்லவேண்டும் என்று ஒஸ்மான் விரும்பினார். அண்ணனைக் கேட்டோம். மாதக்கணக்காக மறுத்தார். திடீரென்று, "வர்றேன். ஆனா நீதான் இங்கிலீஷ்ல சொல்லணும்" என்றார்.

போன வியாழக்கிழமை வந்தார். பண்டாரவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியில், வெள்ளைச் சட்டை போட்டு, கோயிலுக்குப் போகிறவரைப் போலத் தலை வாரி உட்கார்ந்திருந்தார். மெலிந்திருந்தார்.

மொழிபெயர்ப்பவர்களுக்கு இங்கே ஒரு விதி இருக்கிறது. பேசுகிறவர் 'நான்' என்றால் நாமும் 'நான்' என்றே சொல்லவேண்டும். 'அவர் சொல்கிறார்' என்று விலகி நிற்கக் கூடாது.

அண்ணன் மெதுவாகப் பேசினார். ஒவ்வொரு வசனத்துக்கும் நிறுத்தினார், சின்ன வயதில் எனக்குச் சொல்வதெழுதல் சொல்லும்போது நிறுத்துவாரே, அதைப்போல.

"நான்தான் அந்த மஞ்சள வித்தேன்."

நான்தான் அதை விற்றேன் என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

"என் கையில ஒட்டின நிறம் போகல. அப்பவே எனக்குத் தெரிஞ்சிருக்கணும்."

சொன்னேன்.

"கேட்டிருக்கலாம். நான் கேக்கல. செல்லையா புள்ளைங்க என்னை மாமான்னு கூப்பிடும். அதுங்களுக்கு நான் கொடுத்தது இது."

சொன்னேன். என் குரல் அந்த இடத்தில் கொஞ்சம் இறங்கியது. திரையில் யாரும் அதைக் கவனிக்கவில்லை என்றே நினைத்தேன்.

அண்ணன் தலையைக் குனிந்தார். பிறகு நேரே பார்த்தார்.

"என் தங்கச்சி மகனுக்கும் நான்தான் கொடுத்தேன்."

என் வாய் திறக்கவில்லை. ஐந்து நகரங்களின் தலைவர்களும் எனக்காகக் காத்திருந்தார்கள். அவர் சொன்னதை விளங்கிக்கொண்டவர் பண்டார மட்டும்தான். அவர் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வேறு எதைச் சொல்லியிருந்தாலும், ஒன்றும் சொல்லாமல் விட்டிருந்தாலும் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. ஒரு வருடத்துக்கு முன்னால், அதே நாற்காலியில், அப்படித்தான் இருந்தேன்.

டொக்டர் ஹெலன் என் பக்கம் திரும்பி, மெல்லக் கேட்டார். "அவர் என்ன சொன்னார்?"

"என் தங்கையின் மகனுக்கும் நான்தான் கொடுத்தேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். சத்தமாகவே சொன்னேன்.

அண்ணன் திரையை நெருங்கி வந்தார்.

"சொல்லிட்டியாம்மா? ஒண்ணும் விடாமச் சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேண்ணே" என்றேன்.